புதன்கிழமைக்காரர்

என் வீட்டுக்காரர் சுந்தரராஜுலுவுக்கு வாரத்தில் ஆறு நாள் திருநாள். ஆறும் அடுத்தவர் வீட்டுத் திருநாள்.

விஷயம் இதுதான். கோயமுத்தூரில் டீக்கடைக்கு லீவு கிடையாது. டீ மாஸ்டருக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் உண்டு. அந்த ஒரு நாளை அவரவர் தங்கள் சாமியைப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்குப் பாய்லர் முன்னால் நிற்க வேறோர் ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் இவர். லீவு மாஸ்டர் என்பார்கள். திங்கட்கிழமை பேரூர், செவ்வாய்க்கிழமை போத்தனூர் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கடை. பேரூர் மாஸ்டருக்குச் சிவன், போத்தனூர் மாஸ்டர் மாசாணத்துக்கு ஆனைமலை அம்மன். இவருக்கு யார் என்று கேட்டால் சிரிப்பார்.

"ஊரார் புள்ளைய ஊட்டி வளத்தா நம்ம புள்ள தானா வளரும்பாங்கல்ல அம்மணி. ஊரார் சாமிக்கு ஒத்தாசை பண்ணுனா நம்ம சாமி தானா வரும்."

வரட்டும், வந்தால் ஒரு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ரங்கம்மாள் வாய் என்றால் எங்கள் தெருவில் தெரியும். அவர் தன் கோபத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. கோழி கூவும் முன்பே எழுந்து போகிறவர் என்பதால், எந்நேரமும் பாதித் தூக்கத்தில் இருக்கிற முகம். டீயைத் தூக்கி ஆற்றும்போதுகூடக் கண் செருகியிருக்கும், ஆனால் ஒரு சொட்டுக் கீழே சிந்தாது.

எங்கள் வீடு சிங்காநல்லூர் குளத்துக்குப் பின்னால். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், சண்டைக்கு இரண்டும். நான் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறேன். எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அவருக்குப் புதன்கிழமை. இவருக்குத் தெரிந்த மாஸ்டர்களில் எவருடைய சாமியும் புதன்கிழமையைக் கேட்கவில்லை. மிஞ்சியதை இவர் எடுத்துக்கொண்டார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

அந்தப் புதன்கிழமைகளை நான் கண்ணால் பார்த்ததில்லை, தடயம்தான் பார்த்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து திரும்பினால் என் சேலைகள் துவைத்துக் காய்ந்து மடித்திருக்கும். ரசம் மூடி வைத்திருக்கும். மனிதர் குளக்கரைக்குப் போய்விட்டு வந்து, செருப்பில் சேறு காயாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். யாரோ ஒரு நல்ல ஆள் வந்து வேலை எல்லாம் செய்துவிட்டுப் போயிருக்கிற மாதிரி இருக்கும்.

நான் வந்து சேர்வதற்கும் அவர் கண் சொக்குவதற்கும் நடுவில் கொஞ்சம் சாயங்காலம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் அன்றைய நாளைச் சொல்வார். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வாசனை உண்டாம். வெள்ளிக்கிழமை உக்கடத்தில் உஸ்மா அக்கா கடை. அந்த அக்காவின் தம்பிதான் அங்கே மாஸ்டர், வெள்ளியன்று அவருக்கு லீவு. மத்தியானம் தொழுகை முடிந்து அத்தர் வாசனையோடு ஆட்கள் வெள்ளை வெள்ளையாக இறங்கி வருவார்களாம். கொஞ்ச நேரத்துக்குத் தெருவில் வண்டிச் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்குமாம்.

கடை திறந்ததும் முதல் டீயைத் தெருவில் ஊற்றுவது டீ மாஸ்டர்களின் வழக்கம். சாமிக்கு என்று சொல்வார்கள். உக்கடத்துக்கு முதல் தடவை போனபோது இவர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஊத்தலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"தரையும் அவன் குடுத்ததுதானுங்க மாஸ்டர். யார் கால்லயும் படாம ஊத்துங்க" என்றார்களாம் உஸ்மா அக்கா.

சனிக்கிழமை கதை எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் குடும்பத்துக்குப் பெருமாள்தான், நாள் சனிக்கிழமைதான். ஆனால் சனிக்கிழமை என் பெரியப்பா மகன் ராமுலு காரமடைக்குப் போய்விடுவான். சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் அவன் வேலை செய்யும் கடையில் இவர் நிற்பார். ராமுலு திரும்பி வரும்போது துளசித் தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்து வந்து கொடுப்பான். பெருமாளைப் பார்சலில் வாங்குகிற ஒரே பக்தர் இவர்தான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. மதுக்கரை. அங்கே மாஸ்டர் ஆல்வின் என்று ஒரு தம்பி, மார்த்தாண்டத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். விடிந்ததும் மாதா கோயில் மணி அடிக்குமாம். மலை மேல் மேகம் உட்கார்ந்திருக்குமாம். கஞ்சி போட்ட சட்டையும் சோப்பு வாசனையுமாகக் குடும்பம் குடும்பமாக நடந்து போவார்களாம். குழந்தைகள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டே நடக்குமாம். இதைச் சொல்லும்போது அவரே தூங்கிவிடுவார். மறுநாள் கம்பெனியில் செம்புக் கம்பியைச் சுற்றச் சுற்ற, அந்த மேகமும் அந்தக் குழந்தைகளும் என் கண் முன்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை அது. என் ஞாயிற்றுக்கிழமையில் அவர் இல்லை.

எங்கள் மகள் நவ்யா இருந்தவரை எனக்கு இது உறைக்கவில்லை. அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை பெரிதாகிவிட்டது. காலையில் எழுந்து ஒருத்திக்கு மட்டும் இட்லி ஊற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கறிக்கடைக்குப் போய் வந்து, வெங்காயம் உரிக்கிறதுக்குச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையைக் கேட்டால் எனக்கு ஏக்கமாக இருக்கும். சண்டை போடக்கூட எனக்கு ஆள் மதுக்கரையில் இருந்தார்.

ஒரு சாயங்காலம் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க, எனக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கெழம வேணுமுங்க."

அவர் கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அது ஆல்வின் தம்பியோட சாமி நாளு அம்மணி. என்ற பொண்டாட்டியோட இருக்கோணும், நீங்க கோயிலுக்குப் போவாதீங்கன்னு எப்படிச் சொல்றது?"

"நீங்க சொல்ல வேண்டாம். சும்மா கேட்டுத்தான் பாருங்களேன்."

"கேட்டா அவரு செரிங்கண்ணான்னுதான் சொல்லுவாரு. அதனாலதான் கேக்கப்புடாது."

இந்த ஊரில் இது ஒரு வியாதி. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து கேட்காமல் இருப்பது. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் பேசாமல் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விடக்கூடாதே என்று பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவர் புதன்கிழமை வழக்கம் போல என் சேலையை மடித்து வைத்திருந்தார். கோபத்தில் அதைக் கலைத்துப்போட்டு மறுபடி நானே மடித்தேன்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. விடிந்து எதிர்வீட்டில் வெங்காயச் சண்டை ஆரம்பித்தது. எனக்குத் தாங்கவில்லை. தலைக்குக் குளித்து நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அவர் வரமாட்டார், சரி. அவருடைய ஞாயிற்றுக்கிழமையையாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். உக்கடத்தில் வண்டி மாறினேன். மேம்பாலத்தில் ஏறும்போது குளம் முழுவதும் தெரிந்தது. பனி இன்னும் விலகாமல் தண்ணீர் மேலேயே படுத்திருந்தது. நான் கனவில்தான் பஸ்ஸில் போகிறேனோ என்று ஒரு சந்தேகம். மதுக்கரையில் இறங்கினால் எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. மலை, மேகம், கஞ்சிச் சட்டை. கோயில் விட்டு ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்பே வந்து போன ஊர் மாதிரி கால் தானாகக் கடைக்குப் போயிற்று.

பாய்லர் ஆவிக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். கண் செருகியிருந்தது. முன்னால் பெஞ்சில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் காலாட்டிக்கொண்டு அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி" என்றார் இவர். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "தம்பி, இது என்ற ஊட்டுக்காரம்மா."

வெள்ளைச் சட்டை எழுந்து நின்றது. "வாங்கக்கா. நான் ஆல்வினுங்க." எங்கள் 'ங்க' அந்தத் தம்பி பேச்சில் நன்றாக ஒட்டியிருந்தது.

"கோயிலுக்குப் போகலீங்களா?" என்றேன்.

"போயிட்டு வந்துட்டேனுங்க. பூசை எட்டு மணிக்கெல்லாம் முடிஞ்சுருமுங்க."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்லீங்க. நான் ஒண்டிக்கட்டைங்க. ரூமுக்குப் போனா சொவத்தப் பாத்துட்டு உக்காரோணும். அதுக்கு இங்க வந்தா அண்ணன்கூடப் பேசிட்டாவது இருக்கலாமுங்க."

"வாரா வாரமுங்களா?"

"வாரா வாரமுங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கதானுங்க."

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கிளாசைக் கழுவத் தொடங்கினார். கழுவிய கிளாசுதான் அது.

"ஏனுங்க தம்பி, எட்டு மணிக்கு மேல நான் பாத்துக்கறேன்னு இவருகிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமல்லங்க?"

ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டார். "நான் இங்க வந்த புதுசுல, நீங்க நிம்மதியாச் சாமி கும்புடுங்க தம்பி, நாள் பூரா நான் பாத்துக்கறேன்னு அண்ணன் அத்தன ஆசையாச் சொன்னாருங்க. வேண்டாமுன்னா மனசு நோகுமேன்னு இருந்துட்டேனுங்க. அண்ணனுக்கு இந்த நாளு புடிச்சிருக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க."

"நீங்க?" என்றேன் இவரைப் பார்த்து.

"தம்பிக்குச் சாமி நாளாச்சே. வந்து உக்காந்திருக்காருன்னு தெரியும். ஆனா எந்திரிச்சு வேலையப் பாருங்கன்னு சொல்ற மாதிரி ஆயிருமுல்ல அம்மணி."

எனக்கு வந்த கோபத்தில் பாய்லர் தேவைப்படாமலே பால் கொதித்திருக்கும். "நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மருவாதை குடுத்ததுல என்ற ஞாயித்துக்கெழமை அத்தனையும் போச்சுங்க" என்றேன். கடையில் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

ஆல்வின் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். "அண்ணா, வெளிய வாங்க. இனி வாரா வாரம் எட்டரைக்கு நீங்க வெளிய வந்துரோணும். நானே சொல்லியிருக்கோணுமுங்க அக்கா, மன்னிச்சுக்குங்க."

வெளியே வா என்றதும் இவருக்கு எந்தப் பக்கம் வருவதென்று தெரியவில்லை. பாய்லருக்கு இந்தப் பக்கம், வெயிலில், வெறும் கையோடு நின்றார். அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தேடினார். நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். நடு ரோட்டில் பிடித்ததற்கு அவருக்கு வெட்கம், எனக்கு இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். நான் மனசுக்குள் எத்தனையோ மாதமாக வைத்திருந்த திட்டத்தையெல்லாம் கொட்டினேன். உக்கடம் குளக்கரையில் இறங்கி நடக்கலாம். ஐஸ்கிரீம் சாப்பிடலாம். கறி வாங்கிக்கொண்டு போகலாம்; வெங்காயம் நீங்கள்தான் உரிக்க வேண்டும், நான் திட்டுவேன். "செரி" என்றார். "செரி செரி" என்றார். மூன்றாவது "செரி" வரவில்லை. தலை என் தோளுக்கு வந்துவிட்டது.

பகல் வெளிச்சத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இல்லை. எப்போதும் பாதித் தூக்கத்தில் இருந்த அந்த முகம் இப்போதுதான் மீதியையும் தூங்கியது. காதோரம் நரை இவ்வளவு ஏறியிருப்பது எனக்குத் தெரியாது. சட்டையில் பால் வாசனை. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வாசனை என்பாரே, எனக்கு ஞாயிற்றுக்கிழமை வாசனை இதுதான் என்று தோன்றியது. அழுகை வந்தது. பஸ்ஸில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது. குளத்தின் மேல் பனி போய் வெயில் கிடந்தது. உக்கடத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நான் அசையவில்லை. அசைந்தால் விழித்துவிடுவார், விழித்தால் "போலாமா அம்மணி" என்று எழுந்துவிடுவார்.

கண்டக்டர் வந்து நின்றார். "அக்கா, உக்கடம் வந்தாச்சுங்க. ஐயாவ எழுப்புங்க."

"வண்டி திரும்ப மதுக்கரைதானுங்க போகுது?" என்றேன் மெதுவாக.

"ஆமாங்க."

"அப்ப எனக்கு இலவச டிக்கெட்டுங்க. இவருக்கு ஒண்ணு குடுங்க."

அவர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்காரு. இன்னைக்கு அவருக்கு லீவுங்க."