சித்தி சுட்ட பஜ்ஜி

சித்தியைப் பெண் பார்க்க ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்தவர்களிடம் எங்கள் வீட்டார் கூசாமல் ஒரு பொய் சொன்னார்கள். பஜ்ஜி பெண் சுட்டதாம். சித்திக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியும், அதற்குமேல் தெரியாது. விடியுமுன்னே பெங்களூரு ரயிலைப் பிடித்து, இருட்டியபின் வீடு திரும்புகிறவள் எங்கே கற்றுக்கொள்வது? அவளுக்கு டப்பா கட்டிக் கொடுப்பதுகூட அவளுடைய அக்காவான என் அம்மாதான். வேலையை விடச் சொன்ன வரன்களையெல்லாம் சித்தி திருப்பி அனுப்பியிருந்தாள். இதுவும் போனால் அவ்வளவுதான் என்று வீடே பயந்து கிடந்தது.

மாப்பிள்ளையின் அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. "எம் பையன் தண்ணிகூட மொண்டு குடிக்க மாட்டான். அப்படி வளத்திருக்கேன்" என்று பெருமை பேசிக்கொண்டே தட்டைக் காலி செய்தார். "பொண்ணு சூடா இன்னும் ரெண்டு போடட்டுமே" என்றார். பதறி எழுந்த அம்மாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

சித்தி உள்ளே போனாள், நானும் பின்னாலேயே. சற்று நேரத்தில் எண்ணெய் புகைந்து கூடம்வரை கமறியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றது யார் என்கிறீர்கள், மாப்பிள்ளை! தீயைக் குறைத்தார், மாவைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாங்க, இவ்ளோ தண்ணியா கரைச்சிருக்கீங்க? அரிசி மாவு இருக்கா?"

கூடத்திலிருந்து அவருடைய அம்மா "டேய்" என்றது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"நான் வேலைய விடமாட்டேங்க" என்றாள் சித்தி, கரண்டியை அவரிடம் நீட்டியபடி.

"நானும் அதே ரயில்தாங்க. எங்க வீட்ல காலைல சோறு வடிக்கிறதே நான்தான். கொழம்பு நீங்க கத்துக்குங்க."

"மெதுவாத்தான் வரும்."

"வரட்டுங்க."

பஜ்ஜித் தட்டோடு அவரே கூடத்துக்கு வந்தபோது இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அவருடைய அம்மாதான். அப்புறம் வீடே சிரித்தது. அன்றைக்கே தாம்பூலம் மாற்றினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பாவுக்கு அதைவிட. "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று எல்லாரிடமும் சொல்லி மாளவில்லை.

அவர்கள் போனபின் அடுப்படியில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்த அம்மா, "உங்கப்பாவுக்கு பஜ்ஜி சுடத் தெரியுமான்னு கேட்டுட்டு வா" என்றாள். ஓடினேன்.

அப்பா சிரித்தார். "எனக்கு எதுக்கு, உங்கம்மாதான் இருக்காளே."

எவ்வளவு பெரிய பாராட்டு! மறுபடி ஓடிவந்து ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை.