வரதனின் வெள்ளைத் துண்டு

துறைமுகத்துக் கரி யார்டில் வேலை செய்கிறவன் எவனாவது வெள்ளைத் துண்டு வாங்குவானா? வரதன் வாங்கினான். தோளில் போட அல்ல, வீட்டுக்குப் பரீட்சை வைக்க. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, குழாயடியில் மூன்று பக்கெட் ஊற்றிக் குளித்து, இமையோரக் கரியையும் தேய்த்து எடுத்த பிறகு, அந்தத் துண்டின் முனையால் ஜன்னல் கட்டையை அழுத்தித் துடைப்பான். துண்டு கறுத்தால் அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி கிடையாது.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. சந்து முனையில், ஜன்னலுக்கு நேராக, கரி லாரிகள் போகிற ரோடு. வெள்ளைச் சட்டையைக் கொடியில் போட்டால் சாம்பல் சட்டையாகத்தான் எடுக்கவேண்டும். அதெல்லாம் வரதனுக்குப் பழகிப்போன விஷயம். மகள் அம்முவுக்கு ஏழு வயதில் மூச்சிளைப்பு வரும் வரைக்கும்தான் அந்தப் பழக்கம் உதவியது.

அது இரண்டாயிரத்து மூன்று. முதல் தடவை இளைத்தபோது குழந்தை உட்கார்ந்தபடியே இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. அழுவதற்குக்கூட மூச்சு இல்லாமல் அப்பாவையே பார்த்தது. அந்தப் பார்வையை அவன் அதற்குப் பிறகு எந்த வேளையிலும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், தூசியும் புகையும் ஆகாது என்றார். தூசியைப் பற்றி வரதனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, பதினோரு வருஷமாக அதைத்தான் கூடையில் அள்ளுகிறான். டாக்டர் சொன்ன இரண்டாவது வார்த்தை அவன் காதில் ஏறவே இல்லை.

"மாதவரம் பக்கம் போய்டலாம்யா, எங்க அக்கா அங்கதான கீது" என்றாள் அவன் மனைவி ஜெயஸ்ரீ.

"போயி? காலைல ஆறு மணிக்கு மேஸ்திரி பேர் கூப்டுவான். ரெண்டு நாள் இல்லன்னா வேற ஆளப் போட்டுக்குவான். அங்கருந்து நான் பறந்து வர்றதா?"

போக முடியாது என்றான பிறகு, வரதன் வீட்டையே பெட்டியாக்க முடிவு செய்தான். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்குகளில் கோணித்துணி திணித்துச் சிமெண்ட் பூசினான். ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டினான். கதவடியில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தான். ஜெயஸ்ரீ காலையிலும் சாயங்காலமும் இட்லி சுட்டு விற்கிறவள். வாசலில் இருந்த அவளுடைய கெரசின் ஸ்டவ்வையும் உள்ளே கொண்டுவந்து வைத்தான்.

"மாவுல கரி வுழுது. உள்ளாறயே சுடு" என்றான்.

சுற்றுச்சூழல் தினம் என்று யார்டில் மேடை போட்டு ஆளுக்கொரு வேப்பங்கன்று கொடுத்தார்கள். வெளியே வைத்தால் இலை கறுத்துவிடுமாம். அதனால் பெயிண்ட் டப்பாவில் நட்டு அம்முவின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தான். மரம் கெட்ட காற்றை இழுத்துக்கொள்ளும் என்று மேடையில் சொன்னார்களே! பொழுது சாய்ந்ததும் கொசுவர்த்தி. அதற்கு மேல் வேப்பிலை போட்ட சாம்பிராணி. வேப்பிலை மருந்துதானே, அது என்ன செய்துவிடும்?

துண்டு வெள்ளையாகவே இருந்தது. வரதன் அதைச் சந்து முழுக்கக் காட்டினான், மகள் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல. ஆனால் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்த இளைப்பு மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்தது. பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டுக்குள் வந்தால் கதவடைப்பு. அம்மு பிளாஸ்டிக்கில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "பஸ்ஸா லாரியா ஒண்ணுமே தெர்லபா" என்பாள்.

வரதனுக்குக் கோபம் மனைவி மேல் திரும்பியது. "நான் போனதும் கதவத் தொறந்து வெக்கிறியா?"

"எனக்கே மூச்சு முட்டுதுய்யா. ஆனாலும் புள்ளைக்காக மூடித்தான் வெச்சுக்கினு கீறேன்" என்று அவள் அழுதுவிட்டாள். நம்பாமல் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான், பாவி.

மூன்றாவது மாதம், சுகாதார நிலையத்து நர்ஸ் தேவப்பிரியம் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கே வந்தாள். சாயங்கால இட்லி வெந்துகொண்டிருந்த நேரம், வரதனும் வீட்டில் இருந்தான். உள்ளே காலை வைத்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது.

"இன்னா வரதா, இது வூடா, இட்லிப் பானையா?"

வரதன் துண்டால் ஜன்னல் கட்டையைத் துடைத்து நீட்டினான். "பாருங்க சிஸ்டர். இந்தச் சந்துலயே இவ்ளோ சுத்தமான வூடு கெடையாது."

அவள் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். ஸ்டவ்வுக்கு நேர் மேலே, கூரை ஷீட்டின் அடிப்பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்தாள். துண்டு கறுத்துப் பிசுபிசுத்தது.

"இது எந்த லாரில வந்துச்சு?"

வரதன் துண்டை முகர்ந்து பார்த்தான். கரி வாசனை அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அது இல்லை. கெரசின், கொசுவர்த்தி, சாம்பிராணி.

"வேப்பிலைன்னாலும் புகை புகைதான்" என்றாள் தேவப்பிரியம். "வெளியன்னா காத்தடிச்சு புகை ஏதோ கொஞ்சம் போவும். நீ அது போறதுக்கு ஒரு ஓட்டையாவது வுட்டியா? அந்த வேப்பங்கன்னப் பாரு, வெளிச்சம் இல்லாம அதுவே சாவுது. அதுவா உன் பொண்ணக் காப்பாத்தும்?"

கரியிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று மூன்று மாதம் தன் கையாலேயே பிள்ளையைப் புகைக்குள் வைத்துப் பூசியிருக்கிறான். வரதன் ஜன்னலுக்குப் போய் டேப்பை நகத்தால் பிய்த்தான். பிளாஸ்டிக் கிழிந்து காற்று உள்ளே வந்தது. கூடவே ரோட்டில் போன லாரிச் சத்தமும் வந்தது. அவன் கை அப்படியே நின்றது.

"தொறந்தா கரி வருமே சிஸ்டர்?"

தேவப்பிரியம் ரோட்டைப் பார்த்தாள். "வரும். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல வரதா" என்றாள்.

ஸ்டவ் வாசலுக்குப் போனது, இட்லிப் பானைக்கு மேலே கரி விழாதபடி ஒரு தகர மறைப்போடு. கொசுவர்த்திக்குப் பதில் வலை வந்தது. கன்றும் வெளியே போனது. வரதன் ஜெயஸ்ரீயிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. தகரத்தை மட்டும் மூன்று தடவை கழற்றி, அவளுக்கு வாகாக மாட்டிக் கொடுத்தான். அம்முவுக்கு இளைப்பு குறைந்தது. நிற்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவன் குளித்துவிட்டு வந்தபோது அம்மு ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி, போகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முழங்கை இரண்டும் கறுப்பு. வரதன் துண்டை எடுத்தான். கட்டையைத் துடைக்கவில்லை. அவள் முழங்கைகளைத் துடைத்தான்.

"மூடட்டுமா?"

"வேணாம்பா. இப்பதான் எல்லாம் தெரியுது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு யார்டு வாசலில் மேஸ்திரி பேர் கூப்பிட்டான். வரதன் "கீறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்தான்.