துரை விட்டுப்போன டிரையர்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஈரத் துணியைக் காயவைக்க யாரும் மெனக்கெட்டதில்லை. கொடியில் போட்டுவிட்டு உலை வைத்தால், சோறு வடிப்பதற்குள் துணி மொடமொடவென்று காய்ந்துவிடும். காய்ந்த துணியை எடுத்துப் பார்க்கும்போதுதான் வயிறு எரியும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய நிலக்கரி, மேல்மூடி எதுவும் இல்லாமல் குன்று குன்றாகக் கிடக்கும். கடல்காற்று கிளம்பியதும் அதில் ஒரு பங்கு எங்கள் மொட்டை மாடிக்கு வந்துவிடும். வெள்ளை வேட்டி சாம்பல் நிறத்தில் திரும்பும். தலையணை உறையைத் தட்டினால் கை கறுக்கும்.

அப்பா அந்தக் கரியை இறக்கும் கம்பெனியில் தலைமை குமாஸ்தா. தெரு ஜனங்கள் ஒருமுறை மாதா கோயிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் கூடி, கரிக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்று கேட்டார்கள். பதில் சொல்லக் கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜரான துரை வரவில்லை, அப்பாவை அனுப்பினார். அப்பா எழுந்து நின்று, இது கரித் தூசியே அல்ல, யார்டில் முன்னும் பின்னும் போகும் ரயில் எஞ்சின் விடும் புகை என்று நல்ல தமிழில் அரை மணி நேரம் விளக்கினார். பேசும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை கறுப்பாக வந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அப்பா மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே பேசினார்.

பிறகு அந்தத் துரை சீமைக்கே திரும்பிப் போனார். போகும்போது வீட்டுச் சாமான்களை ஆபீஸ் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அப்பா கண் வைத்திருந்தது இசைத்தட்டும் பாடும் ரேடியோகிராமின் மேல். அது கேஷியருக்குப் போனது. அப்பாவுக்கு வாய்த்தது துணி காயவைக்கும் மிஷின். இடுப்பளவு உயரத்தில் வெள்ளைப் பெட்டி. முன்னால் வட்டக் கதவு. உள்ளே ஒரு பெரிய தகர உருளை. மீன்பாடி வண்டியில் அது தெருவுக்குள் வந்தபோது, கூட நடந்து வந்த அப்பாவின் முகத்தில் தேர் இழுத்து வருகிறவரின் களை இருந்தது.

எதிர் வீட்டு மீன்காரம்மா வாசலிலேயே நின்று கேட்டாள்.

"இன்னா நைனா அது, பொட்டி?"

"துணி காயவைக்கிற மிஷின்மா. கரண்டில் ஓடும்."

"ஏன், மேல வெயிலு கீதே. அது இன்னா பண்ச்சி உனுக்கு?"

"சீமையில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது."

"அங்க வெயிலு இல்ல, வச்சிக்கினு கீறான். இங்க புகதானே, தூசி இல்லன்னியே. அப்புறம் துணிய ஏன் பொட்டில போட்டு மூட்ற?"

அப்பா வண்டிக்காரரிடம், பெட்டியைச் சாய்க்காமல் தூக்கும்படி சொன்னார்.

மிஷினுக்கென்று தனியாக ஒயர் இழுத்து, முன்னறையில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் அதை வைத்தார்கள். அம்மா துணியைக் கையால் துவைத்துப் பிழிந்து தருவாள்; அப்பா அதை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்துவார். உருளை சுற்றும். உள்ளே சூடான காற்று வீசும். வீடு ஆவி பிடிக்கிற மாதிரி புழுங்கும். மே மாதத்தில் சட்டை காய்வதற்காக நாங்கள் எல்லாரும் வியர்வையில் நனைந்தோம். ஆனால் அப்பாவின் சட்டை மட்டும் தெருவிலேயே இல்லாத வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளை என்ன சொல்கிறது என்பது அப்பாவைத் தவிர எல்லாருக்கும் புரிந்தது.

கோயில் திருவிழா நெருங்கியது. முந்தைய வருஷம் பூசைக்கு உதவும் பையன்களின் வெள்ளை அங்கிகள் கொடியில் காய்ந்து கரிக்கோடுகளோடு வந்ததில், பங்குச் சாமியாருக்கு மனவருத்தம். அப்பா தானாகப் போய், அத்தனை அங்கிகளையும் எங்கள் வீட்டிலேயே காயவைத்துத் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டு வந்தார். அம்மா துவைத்துக் கொடுத்தாள். சரியாகப் பிழியவில்லை, இன்னும் தண்ணீர் சொட்டுகிறது, பாதிப் பாதியாகப் போடலாம் என்றாள்.

"மிஷினின் கொள்ளளவு உனக்குத் தெரியாது" என்று சொல்லி அப்பா எல்லாவற்றையும் ஒரே அடியாகத் திணித்து, முழங்காலால் கதவை அழுத்திச் சாத்தினார்.

உருளை நாலைந்து முறை தள்ளாடிச் சுற்றியது. டப் என்று ஒரு சத்தம். பிறகு மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. உருளை நின்றுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. அப்பா வாசலில் நின்று யாரிடமோ மிஷினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தீய்ந்த வாசனை வந்து அம்மா கத்திய பிறகுதான் ஓடி வந்து நிறுத்தினார். சூடான காற்று வரும் துளைகளுக்கு நேராக அகப்பட்ட அங்கிகளில் தோசை மாதிரி பழுப்பு வட்டங்கள் விழுந்திருந்தன.

அம்மாவின் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மாமா எண்ணூரில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே அவர் கேன்டீனில்தான் இருந்தார். ஆனால் தொழிற்சாலை முழுவதும் தன் சட்டைப்பையில் இருப்பது போலத்தான் பேசுவார். மிஷினின் பின்தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெல்ட்டு பூட்ச்சி மாமு. அவ்ளோதான். இது ஒரு மேட்டரே இல்ல."

உருளையைச் சுற்றி வந்து மோட்டாரின் சின்னச் சக்கரத்தில் மாட்டியிருக்க வேண்டிய தட்டையான ரப்பர் பெல்ட், செத்த பாம்பு மாதிரி அடியில் கிடந்தது. வெடிப்பு விட்டுப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். அதனோடு துரைசானியின் கொண்டை ஊசிகள் இரண்டும், குழந்தையின் கம்பளிக் காலுறை ஒன்றும், சட்டைப் பொத்தான்களும் வந்தன. அப்பா பொத்தான்களைத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்தார். சீமைப் பொத்தானாம்.

மாமா முதலில் தையல் மிஷினின் தோல் பெல்ட்டைக் கொண்டுவந்தார். அது உருளையின் பாதியைக்கூடச் சுற்றவில்லை. இரண்டை முடிச்சுப் போட்டு மாட்டினார். முடிச்சு சின்னச் சக்கரத்துக்கு வரும்போதெல்லாம் மிஷின் விக்கல் எடுத்தது, அப்புறம் துப்பிவிட்டது. அடுத்து படகு கட்டும் கயிறு. அது சுற்றவே இல்லை. வழுக்கிக்கொண்டு நின்ற இடத்தில் புகைந்தது.

"டே, உன் தொழிற்சாலையில் வண்டிகள் ஓடுகின்றனவா?" என்று அப்பா கேட்டார்.

"அங்க மிஷினு நல்லா கீது மாமு. இது துரை வுட்டுப்போன பேஜாரு மிஷினு."

மூன்றாவது யோசனை அம்மாவுடையது. பழைய லாரி ட்யூபைக் குறுக்கே வெட்டாமல் வளையமாகவே சுற்றி வெட்டினால் முடிச்சில்லாத பெல்ட் கிடைக்குமே என்றாள். மாமா அதைத் தன் யோசனையாக ஏற்றுக்கொண்டு, லாரி ஷெட்டுக்குப் போய்க் கிழிந்த ட்யூப் ஒன்றோடு வந்தார். கத்தரிக்கோலால் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினார். கோணல் மாணலாகத்தான் வந்தது. அப்பா உருளையைத் தூக்கிப் பிடிக்க, மாமா வளையத்தை அதன் மேல் போட்டார். இனி அதைக் கீழே இழுத்து, பெல்ட்டை இறுக்கும் ஸ்பிரிங் வைத்த சின்னக் கப்பியை ஒருபக்கம் தள்ளிப் பிடித்து, மோட்டார் சக்கரத்தில் மாட்ட வேண்டும். மாமா கையை விட்டார். ஸ்பிரிங் திரும்பி அடித்து விரல் நசுங்கியது. அவர் அப்போது சொன்ன வார்த்தைகளை, அங்கிகள் பக்கத்தில் இருந்ததால், அம்மா சிலுவை போட்டுக்கொண்டு கேட்டாள். கடைசியில் அவளே தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டு மாட்டினாள்.

பொத்தானை அழுத்தியதும் உருளை சுற்றியது. அப்பா, மாமாவின் நசுங்காத கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அங்கிகளை மறுபடி அலசிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுத்தோம். தீய்ந்த வட்டங்கள் போகவில்லை. கூடவே புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. சூட்டில் ட்யூப் ரப்பர் இளகி, அதன் நாற்றம் துணியில் ஏறிவிட்டது. திருவிழா அன்று மாதா சுரூபத்துக்கு முன்னால் பையன்கள் மெழுகுவர்த்தியோடு வரிசையாகப் போனபோது, சாம்பிராணியை மீறிக்கொண்டு லாரி ஷெட்டின் மணம் தெரு முழுக்க நடந்தது. சாமியார் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"என்ன வாசனை இது?"

"துறைமுகத்துக்குப் போகிற லாரிகள், ஃபாதர்" என்றார் அப்பா. "இந்த நேரத்தில் நிறையப் போகும்."

பக்கத்தில் நடந்த மீன்காரம்மா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரமே ட்யூப் வளையம் இழுபட்டு, தொளதொளவென்று தொங்கி, உருளையில் ஒட்டிக்கொண்டது. மாமா இன்னொரு ட்யூபோடு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"வேணாம்டா. அந்த நாத்தம் இன்னொரு தபா வூட்டுக்குள்ள வரக்கூடாது."

அன்றிலிருந்து அப்பாவின் ஆபீஸ் சட்டைகள் எல்லார் சட்டைகளையும் போல மாடிக்குப் போயின. எல்லார் சட்டைகளையும் போலத் திரும்பி வந்தன. அப்பா கழுத்துப்பட்டியைப் பிடித்து அம்மாவிடம் நீட்டினார்.

"இதை எப்படிப் போட்டுக்கொண்டு போவது?"

"ஏங்க, புகதானே. தட்டிட்டுப் போங்க."

அப்பா தட்டிவிட்டுப் போனார். துரைக்குப் பதிலாக வந்த புது மேனேஜர் நம்மூர்க்காரர். சுத்தத்தில் பிடிவாதம் உள்ளவர். குமாஸ்தாக்கள் எல்லாரும் அழுக்குச் சட்டையோடு வருகிறீர்களே, என்ன விஷயம் என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டாராம். அப்பா நின்று யோசித்துவிட்டு, "நம்ம கரிதான் சார்" என்று சொல்லிவிட்டார். எப்படி வாய் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னார். அம்மா அன்றைக்கு வஞ்சிரம் வாங்கி வறுத்தாள். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், குறித்துக்கொண்டார், சீக்கிரம் நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார் என்று அப்பா சாப்பிடும்போது திரும்பத் திரும்பச் சொன்னார். தார்ப்பாய் வரப்போகிறது என்று தெருவெல்லாம் பேச்சு.

நடவடிக்கை வந்தது. ஆபீஸ் ஆட்கள் எல்லாருக்கும் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். அழுக்கு தெரியாதாம்.

அப்பா ஓய்வு பெறும்வரை காக்கியில்தான் போனார். திருவொற்றியூர் பஸ்ஸில் ஏறி நின்றால், கூடைக்காரிகள் சில்லறையை நீட்டி டிக்கெட் கேட்பார்கள். முதலில் முறைத்தார். அப்புறம் நான் கண்டக்டர் இல்லை என்று விளக்கிப் பார்த்தார். சில மாதம் கழித்து, காசை வாங்கி, பின்னால் நிற்கும் நிஜக் கண்டக்டருக்குக் கைமாற்றி, டிக்கெட்டை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார்.