மேற்படி கழுதை

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் 'மேற்படியார்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் நான் அங்கே போன் செய்து அவரைக் கூப்பிடச் சொன்னால், எடுத்தவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "மேற்படியாருக்கு வீட்லேர்ந்து போன்!" என்று கத்துவது எனக்கு நன்றாகவே கேட்கும். அந்த டிப்போவில் ஒருவருக்கும் ஒழுங்காகப் பொத்தத் தெரியாது.

எல்லாம் அவர் வேலையால் வந்தது. ஒரு பஸ் எதன் மீதாவது உரசினாலும், ஏதாவது வந்து பஸ் மீது உரசினாலும், அளக்கும் டேப்போடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். சக்கரத் தடத்தை அளப்பார். படம் வரைந்து அம்புக்குறி போடுவார். ஓட்டுநரிடமும் பார்த்தவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "என்ன நடந்துச்சு?" பிறகு அறைக்குத் திரும்பி அறிக்கை எழுதுவார். மேற்படி பஸ், மேற்படி கம்பம், மேற்படி கம்பத்தின் உச்சியில் அமர்ந்திருந்த காகம் என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார். இப்படியே எழுதி எழுதி, வீட்டிலும் அதே பேச்சாகிவிட்டது. "மேற்படி பால் திரிஞ்சிடுச்சு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். சொல்கிற முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு? மூச். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட விபத்து நடந்த இடத்தில் நிற்பவர் போலத்தான் நிற்கிறார். அந்த விபத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் நான் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இந்த உம்மணாமூஞ்சி குழந்தைகளுக்காக ஒரு சிரிப்பு நாவல் எழுதினார் என்றால் யார் நம்புவார்கள்? எழுதினார். விடியற்காலையில் எழுந்து, வேலைக்குப் போகும் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் எழுதினார். ஒரு கழுதைக்கு ஒருநாள் காலையில் குரல் காணாமல் போய்விடுகிறது. அதைத் தேடி, வாயை மூடத் தெரியாத ஒரு வாத்தோடும் ஓர் ஆமையோடும் அது ஊர் ஊராகப் போகிறது. அதுதான் கதை.

இந்தக் கழுதை எங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது, சாப்பிட அடம் பிடித்தால் அவர் இதைத்தான் சொல்ல ஆரம்பிப்பார். வாத்து வரும் இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். விக்கல் எடுக்கும். உடனே இவருக்கு ரோஷம் வந்துவிடும். "நான் சீரியஸாத்தானே சொல்றேன், என்னைப் பார்த்து எதுக்குச் சிரிக்கிறே? சிரிச்சா மேல சொல்ல மாட்டேன்" என்று எழுந்து போய்விடுவார். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. மறுபடி வாத்து, மறுபடி விக்கல், மறுபடி ரோஷம். அந்தக் கழுதை ஒருநாளும் வாத்தைத் தாண்டிப் போனதில்லை. மகள் வளர்ந்து வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள். கழுதை நின்ற இடத்திலேயே நின்றது.

நாவலை இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். முதல் இடத்திலிருந்து பதிலே இல்லை. இரண்டாவது இடத்திலிருந்து 'எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை' என்று ஒரே ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தவர், அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் பேசியது 'சரி', 'வேணாம்' இரண்டு வார்த்தைதான். மேற்படி பால் திரிந்தபோதுகூட வாய் திறக்கவில்லை. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். முகத்தைப் பார்த்தே எங்கே வலிக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இந்த வலிக்கு எங்கள் கடையில் மாத்திரை இல்லை.

அதனால்தான் மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. குழந்தைகள் புத்தகம் மட்டும் போடுகிற சின்னப் பதிப்பகம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எழுதுகிறவர்கள் நேரில் போய்க் கதையைச் சொல்லலாம். பதிப்பாசிரியர் அங்கேயே, அப்போதே, முகத்துக்கு நேரே கருத்துச் சொல்லிவிடுவார்.

"இவங்களும் வேணாம்னுட்டா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடறேன்" என்றார். "நீயும் வரணும்."

"நான் எதுக்குங்க?"

"ஒரு சாட்சி இருந்தா நல்லது."

அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சாட்சி புறப்பட்டது.

பதிப்பகம் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்கப் புத்தகக் கட்டுகள். பக்கவாட்டில் திரும்பித்தான் ஏற வேண்டும். அறைக்குள்ளே ஒரு மேசை, ஒரு டேபிள் ஃபேன், காதில்லாத துணி யானை ஒன்று. அங்கே குழந்தைகளுக்குக் கதை வாசிப்பார்கள் போலிருக்கிறது, நாற்காலிகள் எல்லாம் குழந்தைகள் அளவில் இருந்தன. என் வீட்டுக்காரர் நல்ல உயரம். உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. மடியில் ஃபைல். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதிப்பாசிரியர் ஒரு பெண், எங்களைவிட இளையவர். தலைமேல் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மேசை முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தார். நான் சொன்ன பிறகு சிரித்தபடி எடுத்து மாட்டிக்கொண்டு, "ஆரம்பிங்க சார்" என்றார்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "கீழ்வானில் ஆதவன் தன் பொற்கரங்களை நீட்டி, உறங்கும் உலகை உவகையோடு தழுவும் அவ்வேளையில்..."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் இருக்கிற மனிதர் இல்லை இது. விழா மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் யாரோ ஒருவர். ஆதவன் எழுந்திருக்கவே முக்கால் பக்கம் ஆயிற்று.

"சார், கழுதை எப்ப வரும்?" என்றார் பதிப்பாசிரியர்.

"அடுத்த பக்கத்துலங்க."

"சரி. ஆமைக்கு இதுல என்ன வேலை?"

"ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் ஆமை ஒரு நீதி சொல்லும்ங்க. நேர்மை, சுத்தம், சிக்கனம், அப்புறம் பெரியவங்களுக்கு அடங்கி நடக்கறது..."

"எத்தனை அத்தியாயம்?"

"முப்பத்தாறு."

பதிப்பாசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. கதையும்தான் சார் உருப்படாது."

எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் ஒருவருக்கும் ஒழுங்காகப் பொத்தத் தெரியாது. இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஃபைலின் நாடாவை இழுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். அவ்வளவுதான், மறுபடி ஒரு மழைக்காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பதிப்பாசிரியர் மேல் எனக்கு வந்த கோபத்தில் காதில்லாத யானையை எடுத்து எறிந்திருப்பேன்.

"கட்டுங்க சார், நல்லதுதான்" என்றார் அவர், குரலைத் தணித்து. "படிக்கவே வேணாம். சும்மா என்கிட்ட சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. அவரை யாரும் கேட்டதில்லை. முழங்கால்களுக்கு நடுவே முதுகை நேராக்கிக்கொண்டு, டிப்போ குரலில் ஆரம்பித்தார்.

"சம்பவ தினத்தன்று காலை, மேற்படி கழுதை வழக்கம்போல் கத்துவதற்காக வாயைத் திறந்ததில், சத்தம் எதுவும் வெளிவரவில்லை. வாயை மூடி, மறுபடி திறந்து பார்த்தும் பலன் இல்லை. அச்சமயம், இடதுபுறச் சந்திலிருந்து, எவ்வித சிக்னலும் காட்டாமல், ஒரு வாத்து வந்தது."

பதிப்பாசிரியரின் உதடு துடித்தது.

"விசாரித்ததில், தான் எதையும் பார்க்கவில்லை என்றும், ஆனால் அதைப் பற்றி விரிவாகப் பேசத் தயார் என்றும் மேற்படி வாத்து தெரிவித்தது. பின்னால் வந்த ஆமை, தான் அதிவேகமாக வந்துகொண்டிருந்த காரணத்தால் எதையும் கவனிக்க இயலவில்லை என்றது. தடத்தை அளந்து பார்த்ததில், மேற்படி ஆமை முந்தைய தினத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது தெரியவந்தது."

பதிப்பாசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணாடி கழன்று காகிதத்தின் மேல் விழுந்தது. இந்த முறை நானும் வாயைப் பொத்தவில்லை.

இவர் சட்டென்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. இரண்டு கையாலும் அதைப் பிய்த்துக் கீழே வைத்துவிட்டு, காது சிவக்க நின்றார்.

"கிண்டல் பண்ணாதீங்க மேடம். பழக்க தோஷம், பேசும்போது இப்படி வந்துடுது. எழுதும்போது ஒண்ணுவிடாம எடுத்துடுவேன்."

"எதை எடுத்துடுவீங்க?"

"மேற்படியை, வாக்குமூலத்தை, எல்லாத்தையும்."

"எடுத்துடுவீங்களா!" பதிப்பாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கதையே அதுதானே சார்? அதை எடுத்துட்டு அங்க சூரியனைக் கொண்டுவந்து வச்சிருக்கீங்க. நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கலை. வாத்தைப் பார்த்துச் சிரிச்சேன்."

இவர் நம்பவில்லை. விசாரணை செய்து பழகியவர் ஒரு தரப்பு சொல்வதை அப்படியே ஏற்பாரா? மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே. மேடம் எதைப் பார்த்துச் சிரிச்சாங்க?"

"வாத்தைப் பார்த்துத்தாங்க" என்றேன். "நானும் அதைப் பார்த்துத்தான் சிரிச்சேன். நம்ம பாப்பாவும் அன்னிக்கு வாத்தைப் பார்த்துத்தான் சிரிச்சா."

அவர் என் முகத்தை ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு நாற்காலியை நேராக்கி, எச்சரிக்கையாக, ஓரத்தில் உட்கார்ந்தார். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு பதிப்பாசிரியர் தாட்சண்யமே பார்க்கவில்லை. சூரியனுக்கு இனி இடம் இல்லை. ஆமை இருக்கலாம், ஆனால் நீதி சொன்னால் வெளியே அனுப்பிவிட வேண்டும். அத்தியாயம் பாதியாகக் குறைய வேண்டும். கடைசியில் ராஜா வந்து கழுதைக்குப் பொற்காசு தருவது வேண்டவே வேண்டாம், கழுதை காசை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா, இவர் ராஜாவுக்காக மட்டும் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டார்.

"இதையெல்லாம் விசாரிச்சு அறிக்கை எழுதறது யாரு? கதைக்குள்ள ஒரு ஆள் வேணுமே" என்றார் பதிப்பாசிரியர்.

"ஒரு கொக்கு இருக்குங்க" என்றார் இவர், கூச்சத்தோடு. "ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு எழுதும். சிரிக்காது."

அந்தக் கொக்கை எனக்கு நன்றாகத் தெரியும். பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துப் போட்டு, நான்தான் அதோடு குடித்தனம் நடத்துகிறேன்.

"கடைசியா ஒண்ணு" என்றார் பதிப்பாசிரியர். "கழுதைக்குக் குரல் கிடைக்காமலே போயிட்டா என்ன ஆகும்?"

இவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். "அது இருக்கறது யாருக்கும் தெரியாம போயிடும். அவ்வளவுதான்."

பதிப்பாசிரியர் இந்த முறை சிரிக்கவில்லை. "இதையும் எழுதுங்க சார்" என்றார். "இன்னும் நான் சரின்னு சொல்லலை. முதல் மூணு அத்தியாயத்தை, இப்ப சொன்னீங்களே அதே மாதிரி எழுதிக்கிட்டு அடுத்த மாசம் வாங்க. வாத்து எனக்கு வேணும்."

படி இறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.  நிறுத்தத்தின் கம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, கொக்குக்குக் கண்ணாடி போட்டுடலாமா?" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. "போடுங்க, தாராளமா போடுங்க" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நிற்கிற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதில் வெட்கம் என்ன? அவர் பதறிப்போய் "என்ன ஆச்சு?" என்றார். தூசி என்றேன். எந்தத் திசையிலிருந்து வந்த தூசி என்று அவர் கேட்காமல் விட்டது அதிசயம்.

அடுத்த வாரம் முழுக்க எழுதினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"கழுதைக் கதையாப்பா?" என்றாள் அவள். "அதேதானா? மேற்படி இருக்கா?"

"இருக்கு. கேளு" என்று வாசிக்க ஆரம்பித்தார். கழுதை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. இடதுபுறச் சந்திலிருந்து, எவ்வித சிக்னலும் காட்டாமல், வாத்து வந்தது.

போனுக்குள் சிரிப்பு வெடித்தது. சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. விக்கல் வேறு சேர்ந்துகொண்டது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போகவில்லை. விட்ட வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"முடிஞ்சுதா? தண்ணி குடி."

தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, இன்னும் விக்கிக்கொண்டே, அவள் கேட்டாள்.

"சொல்லுப்பா. அப்புறம் என்ன நடந்துச்சு?"