மீட்டர் இல்லாமல் முறுக்கிய ஸ்பிரிங்

பாட்டரி வெடித்தபோது நான் ஷெட்டுக்கு வெளியே கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடினால், டிரைவர் தங்கையன் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டுகொண்டிருந்தான். பானைத் தண்ணீர் முழுவதையும் அவன் முகத்தில் கொட்டினேன். ஆனாலும் ஆசிட் பட்ட வலது கண் போய்விட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. திற்பரப்புக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் நான் மிஷின் மேஸ்திரி. ரப்பர் பால் ஏற்றிவர அங்கே ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. டைனமோ பாட்டரிக்கு அளவோடு சார்ஜ் கொடுக்கும்படி பார்த்துக்கொள்வது ரெகுலேட்டர் என்ற சிறு பெட்டி. உள்ளே ஒரு காயில், ஒரு ஸ்பிரிங், ஒட்டிப் பிரியும் இரண்டு பாயின்ட். ஸ்பிரிங்கை முறுக்கினால் சார்ஜ் கூடும். எவ்வளவு கூடியது என்று அறிய வோல்ட் மீட்டர் வேண்டும். எங்களிடம் அது கிடையாது. லைட் வெளிச்சத்தைப் பார்த்தே வைப்போம். அதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

அதற்கு முந்தின வாரம் முதலாளி வந்தார். "என்னவே மேஸ்திரி, லைட்டு மின்னாமினுங்கி கணக்கா இருக்கு. வெளுப்பாங்காலத்துல, இருட்டோட வண்டி எப்பிடி எறங்கும்? கூட்டி வையும்."

ஒன்றரைச் சுற்று முறுக்கினேன். லைட் ஜொலித்தது. முதலாளிக்குச் சந்தோஷம்.

சார்ஜ் மிஞ்சிப் பாட்டரி கொதித்துக் காஸைக் கக்கியது. அந்தக் காஸ் தீப்பிடிக்கும். பாட்டரி இருந்ததோ சீட்டுக்கு அடியில், இருட்டுப் பெட்டிக்குள். தீக்குச்சி கிழித்துத்தான் எல்லோரும் தண்ணீர் மட்டம் பார்ப்போம். தங்கையனும் கிழித்தான்.

"மிஷின்ல வல்ல கொழப்பமும் உண்டா?" என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மொதலாளி. அவன் குச்சி கிழிச்சதுதான்."

தங்கையன் ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன்பே முதலாளி அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். புதுப் பாட்டரி மாட்டுமுன், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன்.

பிறகு குலசேகரம் சந்தையில் தங்கையன் என் கையைப் பிடித்தான். "ரெண்டு வருசமா அப்பிடித்தான் குச்சி கிழிச்சுப் பாத்தேன், மேஸ்திரி. அண்ணைக்கு மட்டும் ஏன் வெடிச்சு? ஒமக்குத் தெரியும்லா?"

"ஒனக்க கெட்ட நேரம்" என்றேன். அவன் நம்பித் தலையாட்டினான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மீட்டர் இல்லாமல் அந்த ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால், கேட்கிறவனிடம் தொட்டேன் என்று சொல்லிவிடுங்கள். தங்கையன் செத்து வெகுநாளாகிறது. இனி நான் யாரிடம் சொல்ல?