படத்துல என் கயிறு எங்க

கார் கம்பெனி வந்த புதுசு. ஸ்ரீபெரும்புதூர்ல கால்வாய் ஓரம் துணி துவைச்சுப் பொழைச்சேன். எல்லாம் ஷிப்டுக்குப் போற தெக்கத்திப் பசங்க சட்டை. அவங்க ரூம்ல காயப்போட இடம் கிடையாது. துவைக்கிறது அடிபம்புத் தண்ணியில. கால்வாய்க்குக் குறுக்கால கயிறு. இந்தக் கரையில வேப்பமரம், அந்தக் கரையில லைட் கம்பம். காத்து அங்கதான் வரும்.

ஒருநாள் ஊர் ஊராப் போய்ப் படம் வரையற ஒருத்தர் வந்தார். பாலத்துல உக்காந்து மையால கால்வாயை வரைஞ்சார். மை கரைக்கத் தண்ணி கேட்டார். நீலம் போட்ட அலசல் தண்ணிதான் கைக்கு வந்துச்சு. குடுத்தேன்.

பசங்க ரூம் ஓனர் வந்தார்.

"ஏம்மா, கயித்த அவுரு. சாரு படம் போடறாரு. ஜட்டி பனியனெல்லாம் வந்தா ஊரு மானம் இன்னா ஆவறது?"

"ஜட்டி இல்ல. ஷிப்டு சட்டை."

"கொஞ்ச நேரந்தான்."

"மத்தியான பஸ்ஸுக்குக் காயணும். யூனிபாரம் இல்லன்னா கம்பெனி கேட்டுல திருப்பி அனுப்புவான். அவங்க சம்பளம் நீ குடுப்பியா?"

அவரே முடிச்சை அவுத்தார். சட்டையெல்லாம் கால்வாயில விழுந்துச்சு.

நானே உள்ள எறங்கினேன். முழங்கால் வரைக்கும் சேறு. எல்லாத்தையும் எடுத்து, மறுபடி துவைச்சு, மறுபடி கயிறு கட்டிக் காயப்போட்டேன்.

"உன்னை இங்கேர்ந்து காலி பண்ண வைக்கிறேன் பாரு."

"கால்வா உன்னுதா?"

அப்புறம் பாலத்துக்குப் போய்ப் படத்தைப் பார்த்தேன். தண்ணி, தூரத்துல கம்பெனிப் புகை, வேப்பமரம், கம்பம். வானம் லேசா நீலம். அது என் நீலம். நடுவுல ஒண்ணும் இல்ல.

"கயிறு எங்க?"

"இல்லாம இருந்தா அமைதியா இருக்கும்மா."

"அங்க இருக்குதே. போடுங்க."

"தாள் ஈரம். மை ஊறிடும்."

"சட்டையும் ஈரந்தான். ஊறட்டும்."

மையைத் தொட்டார். ஒரு கோடு இழுத்தார். கீழ சட்டை சட்டையா மை ஊறி எறங்குச்சு.

"போச்சு, படம் நாசம்," பின்னாடியே வந்த ஓனர் சொன்னார். வரைஞ்சவர் திரும்பல. கயித்துல இன்னொரு சட்டை வரைஞ்சார்.

பஸ் வர்ற நேரம் பசங்க வந்தாங்க.

"எக்கா, ஈரமால்லா இருக்கு?"

"ஜன்னலோரம் உக்காரு. காஞ்சிரும்."

போட்டுகினு ஓடினாங்க. ஒருத்தனையும் கேட்டுல திருப்பி அனுப்பல.

மறுநாளும் கயிறு கட்டினேன். ஓனர் ரூம் வாசல்ல நின்னு பார்த்தார். நானும் பார்த்தேன். அப்புறம் சட்டையை உதறிப் போட்டேன்.