ஏற மறுத்த முள்

ஐம்பத்தோரு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்பு இருபத்தாறு வருஷம் என் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்தவள். வீடு செம்பாக்கத்தில். நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் இரும்புலியூரில். இடையில் இருக்கிற தாம்பரம் நெரிசலை என் கையாலேயே கடந்து போகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை ஸ்டியரிங்கோடு பிறந்தவர்கள் போல நடந்துகொள்ளும் ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அந்தக் காரை விற்றுவிடலாம் என்று போன கார்த்திகையில் அவர் சொன்னார். கார் பெட்ரோல் குடித்தது உண்மைதான். முன்பெல்லாம் பத்து நாள் வந்த பெட்ரோல் ஒரு வாரத்திலேயே தீர்ந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம் என் இடது கால்.

“நீ கிளட்ச்சை முழுசா விடாம ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டுற. வண்டி என்ன பண்ணும் பாவம்? வித்துட்டு நிம்மதியா ஆட்டோல போ.”

சொன்னதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க ஒருவரை வரவும் சொல்லிவிட்டார். கார் போனால்கூடப் போகட்டும், என்னால்தான் போனது என்ற பேச்சு ஆயுசுக்கும் ஓயாது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

என் மேல் தப்பில்லை என்று காட்ட ஏதாவது கிடைக்காதா என்று தேடியபோதுதான் அந்த முள் கண்ணில் பட்டது. இன்ஜினின் சூட்டைக் காட்டுகிற சின்ன முள். வண்டி ஓடும்போது அது பாதியில் வந்து நிற்க வேண்டும் என்று டிரைவிங் சொல்லிக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். எங்கள் வண்டியில் அது அடிக்கோட்டிலேயே கிடந்தது. சிக்னலில் நின்றால் கொஞ்சம் தலையைத் தூக்கும். வண்டி வேகம் எடுத்ததும் மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

“கூலா இருந்தா நல்லதுதானே? நம்ம ஊர் வெயில்ல இன்ஜின் சூடாகலைன்னு கவலைப்படுற ஒரே ஆள் நீதான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

அன்றைக்கு ரசத்தில் உப்பு போடவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அவரிடம் சொல்லாமல், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டேன். அங்கிருந்த மெக்கானிக் நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். அதற்கே அவர் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

“முள்ளு பொய் சொல்லுதா, இல்ல இன்ஜினே சூடாவலையான்னு மொதல்ல பாக்கணும்க்கா. வண்டி நல்லா ஆறட்டும்.”

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வண்டி ஆறியதும் ஸ்டார்ட் பண்ணினார். இன்ஜினிலிருந்து, தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் போகிற தடித்த ரப்பர் குழாயில் கொஞ்ச நேரம் கழித்து என் கையை வைக்கச் சொன்னார்.

“இன்ஜின் சூடாவுற வரைக்கும் இது சில்லுன்னு இருக்கணும். அப்பால ஒரேடியா சூடு ஏறணும். இப்பவே வெதுவெதுன்னு கீது பாருங்க. முள்ளு மேல தப்பில்லக்கா. அது நெசத்தைத்தான் சொல்லுது.”

இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைக்க ஒரு வால்வு உண்டாம். அது வேலை செய்யாவிட்டால் இன்ஜினுக்குச் சூடு ஏறாது, சூடு ஏறாத இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும் என்றார். என் கால் குற்றமில்லை! அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது.

தண்ணீரை வடித்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி, அந்த வால்வு இருக்கும் இடத்து மூடியைத் திறந்தார். உள்ளே காலி.

“வால்வே இல்லக்கா. யாரோ கயட்டி வுட்டுட்டாங்க. வெயிலுக்குக் கொதிக்காதுன்னு நெறைய பேர் இப்டித்தான் செய்றாங்க.”

உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டேன். கையெல்லாம் கரி, அதனால் ஸ்பீக்கரில்.

“ஏங்க, வண்டியில ஒரு வால்வே இல்லையாம். எவனோ கழட்டியிருக்கானாம்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது.

“நான்தான் கழட்டச் சொன்னேன்,” என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! ஆறு மாதமாக வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் வட்டியோடு திருப்பித் தர வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மே மாசம் நீ தனியா வரும்போது பாலத்துக்கிட்ட வண்டி கொதிச்சு நின்னுச்சே. நான் வந்து பார்த்தா, நீ தலைப்பைத் தலையில போட்டுக்கிட்டு, வர்ற லாரிக்கெல்லாம் கையைக் காட்டிக்கிட்டு நடு ரோட்டுல நிக்கிற. எனக்கு உசுரே போயிடுச்சு. மறுநாளே நம்ம வழக்கமான மெக்கானிக்கிட்ட போய், இந்த வண்டி இனிமே கொதிக்கவே கூடாதுன்னு சொன்னேன். அவர்தான் இதைக் கழட்டிடலாம்னார். இது பெட்ரோல் குடிக்கும்னு யார் கண்டா?”

எதிரில் இருந்த மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. இந்த மனுஷனை என்னதான் செய்வது? கோபம் போகவில்லை. ஆனாலும் அவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. புது வால்வு போடுங்கள் என்று மெக்கானிக்கிடம் கையைக் காட்டிச் சொன்னேன்.

மத்தியானம் ஏரிக்கரை வழியாகத் திரும்பியபோது முள் மெதுவாக ஏறிப் பாதியில் நின்றது. தெருமுனையிலேயே அவர் லுங்கியோடு காத்திருந்தார். கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

“நாளைக்கு வர்றதா இருந்தவர்கிட்ட வண்டி விக்கலைன்னு சொல்லிட்டேன்.”

அவர் எட்டி முள்ளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“இவ்வளவு ஏறியிருக்கே. மறுபடியும் நடு வழியில நின்னுட்டா?”

“நின்னா நிக்கட்டும். உங்களுக்கு ஃபோன் பண்றேன். வர மாட்டீங்களா?”

“வராம எங்க போவேன்?” என்றார்.